அடுத்த மாத மாத்திரை

மனநோய்க்குச் சிகிச்சை என்றதும் பெரும்பாலோர் மனத்தில் எழுவது நோயாளியை மருத்துவமனையில் சேர்ப்பதும், சில வாரங்களில் குணமாகி அவர் வீடு திரும்புவதும்தான். நீலகிரியின் பந்தலூர் வட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், லயன் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்து, மனச்சிதைவு நோயுள்ள தம்பியோடு கால் நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்துவரும் எனக்கு, மருத்துவமனையில் கழிந்த நாட்கள் இந்தக் கதையின் மிகச் சிறிய பகுதியாகவே தெரிகின்றன. மற்ற நாட்கள் எல்லாம் அடுத்த மாத மாத்திரை எங்கிருந்து, யார் கையில், எந்தத் தேதிக்குள் வீடு வந்து சேரும் என்ற கணக்கிலேயே கழிந்தவை. மலைமாவட்டத்தில் ஒரு வயதுவந்த மனநோயாளி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாரா, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடக்கிறாரா என்பதைப் பெரும்பாலும் அந்தக் கணக்குத்தான் முடிவு செய்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எங்கள் பெற்றோர் 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையின் மலையகத்திலிருந்து எழுபதுகளில் இங்கு வந்தவர்கள். தாயகம் திரும்பியவர்களில் பலர் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்தது ஒரு தனியார் தோட்டம். தம்பி பிறந்தது இங்கேதான். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவனும் அதே தோட்டத்தில் பெயர் பதிந்தான். 1998ஆம் ஆண்டு மழைக்காலத்தில், தன்னைப் பற்றி இரண்டு பேர் இடைவிடாமல் பேசிக்கொள்வது கேட்பதாகச் சொல்ல ஆரம்பித்தான். கணக்கப்பிள்ளை தன் கொழுந்து எடையைக் குறைத்து எழுதுகிறார் என்றும், அதற்கென்றே ஒரு கூட்டம் இயங்குகிறது என்றும் சொன்னான். எடையில் பிடித்தம் பற்றிய புலம்பல் எந்த லயனிலும் கேட்கக் கூடியதுதான் என்பதால், அது நோயின் அறிகுறி என்று விளங்க எங்களுக்குப் பல மாதங்கள் ஆயின. கோடாங்கியிடம் போனோம், கயிறு கட்டினோம். ஏர்வாடி தர்காவுக்குக் கொண்டுபோய் விடலாம் என்று உறவினர் சிலர் யோசனை சொன்னார்கள், அம்மா மட்டும் பிடிவாதமாக மறுத்துவிட்டார். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அங்கே ஒரு தனியார் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டபோது, யோசனை சொன்னவர்கள் அதைப் பற்றி மீண்டும் வாய் திறக்கவில்லை.

முதல் சிகிச்சை கோழிக்கோட்டில் கிடைத்தது. எங்கள் மாவட்டத் தலைநகர் ஊட்டி என்றாலும், பந்தலூர்ப் பக்கத்து மக்கள் நோய் என்று வந்தால் எல்லைக்கு அப்பால் கேரளத்து வயநாட்டின் சுல்தான் பத்தேரிக்கும், அதற்கு மேல் தேவைப்பட்டால் தாமரச்சேரிச் சுரத்தின் ஒன்பது கொண்டை ஊசி வளைவுகளை இறங்கிக் கோழிக்கோட்டுக்கும் போவதே வழக்கம். மருத்துவர் நல்லவர், ஆனால் அவருக்குத் தமிழ் அரைகுறை, தம்பிக்கு மலையாளம் அரைகுறை. கடையில் அரிசி வாங்கவும் பேருந்தில் சீட்டு எடுக்கவும் அந்த அரைகுறை போதும். காதில் விழும் குரல் எப்படிப்பட்டது, அது கட்டளை இடுகிறதா, கேலி செய்கிறதா, அதற்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று தோன்றுகிறதா என்பதையெல்லாம் சொல்ல அது போதாது. ஆகவே மருத்துவர் என்னைப் பார்த்துக் கேட்பார், நான் பதில் சொல்வேன், தம்பி எங்கள் இருவருக்கும் நடுவே தலை குனிந்து உட்கார்ந்திருப்பான். பின்னர் மொழி தெரிந்த மருத்துவர்களிடம் போனபோதும் இந்தப் பழக்கம் மாறவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. இருபத்து மூன்று வயதில் அவனுக்கு நோய் வந்தது. இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டான். இன்னும் ‘சாப்பிடுகிறானா, தூங்குகிறானா’ என்று அவனை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்கிறவர்கள் உண்டு.

மருந்து வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் நான் கணக்கு என்று சொல்வதன் பொருள் விளங்கும். மனச்சிதைவுக்கான மருந்துகள் நோயை வேரோடு பிடுங்குவதில்லை, அடக்கி வைக்கின்றன. குரல்கள் அடங்கி, உறக்கம் திரும்பி, வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, ‘எல்லாம் சரியாகிவிட்டதே, இனி எதற்கு’ என்ற எண்ணம் நோயாளிக்கும் வரும், வீட்டாருக்கும் வரும். நிறுத்திய மறுநாளே எதுவும் நடக்காது என்பதுதான் இதிலுள்ள ஏமாற்று. நன்றாக இருந்த நிலையில் மருந்தைத் தொடர்ந்தவர்களையும், மருந்துக்குப் பதில் வெற்று மாத்திரை பெற்றவர்களையும் ஒப்பிட்ட 65 ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து 2012இல் வெளிவந்த கட்டுரை ஒன்று, ஓராண்டுக்குள் நோய் திரும்பியவர்கள் முதல் வகையில் நூற்றுக்கு 27 பேர் என்றும், இரண்டாம் வகையில் 64 பேர் என்றும் கண்டது. மருந்து எடுத்தவர்களிலும் நாலில் ஒருவருக்கு மேல் நோய் திரும்பியிருக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம், ஒரு குடும்பத்துக்குப் பெரிய தூரம்.

இனி சாலைத் தூரத்துக்கு வருகிறேன். எங்கள் லயனிலிருந்து கூடலூர் போய், அங்கிருந்து ஊட்டிக்கு ஊசிமலை, நடுவட்டம், பைக்காரா வழியாக ஐம்பது கிலோமீட்டர் ஏற வேண்டும். காலையில் புறநோயாளிச் சீட்டு வாங்கும் நேரத்துக்கு ஊட்டியில் நிற்க வேண்டுமானால் முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டும். முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டுமானால் விடியும் முன் தேயிலைக் காட்டுக்குள் நடந்து சாலைக்கு வர வேண்டும். பந்தலூர், கூடலூர்ப் பகுதிகளில் அந்த நேரத்தில் வெளியே இறங்குவது யானையின் முன்னால் போய் நிற்பதற்கு ஒப்பானது என்பதை இங்கு வாழ்கிறவர்கள் அறிவார்கள். ஜீப் வைத்துக்கொள்ளலாம், அதற்கு ஆகும் வாடகை இரண்டு பேரின் ஒரு நாள் கூலியை விழுங்கிவிடும், அந்த இரண்டு பேரும் அன்றைக்குப் பிரட்டு எனப்படும் காலை ஆள்பதிவுக்குப் போகாததால் கூலியே இருக்காது என்பது தனி. இத்தனைக்கும் பிறகு கிடைப்பது ஒரு மாத மாத்திரை. அடுத்த மாதம் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ‘நோயாளி ஒழுங்காக மருந்து எடுப்பதில்லை’ என்று குறிப்பேட்டில் எழுதும் மருத்துவர்கள், அந்த ஒழுங்கின்மையில் எவ்வளவு நோயாளியுடையது, எவ்வளவு போக்குவரத்துடையது என்று பிரித்து எழுத ஒரு கட்டம் போட்டால் நன்றாக இருக்கும்.

தொடக்கத்தில் தம்பிக்குக் கொடுக்கப்பட்டது ஃப்ளூஃபெனசின் ஊசி. எண்ணெயில் கலந்த இந்த மருந்து தசைக்குள் தங்கி மெதுவாக ரத்தத்தில் இறங்குவதால், இரண்டிலிருந்து நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போட்டால் போதும். மலைப்பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை என்றே பல நாள் நினைத்தேன். மருந்து மட்டும் கையில் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரே போட்டுவிடலாம்; தினமும் மாத்திரை விழுங்கினாயா என்று வீட்டில் சண்டை வராது. ஆனால் தம்பிக்குக் கை நடுங்கத் தொடங்கியது. இந்த வகைப் பழைய மருந்துகளுக்கு நடுக்கமும் உடல் இறுக்கமும் அடிக்கடி வரும் பக்கவிளைவுகள். அதற்கு மாற்றாக டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரை தருவார்கள், அது நடுக்கத்தைக் குறைத்து வாயை உலர்த்தும். மேசையில் அமர்ந்து எழுதும் ஒருவருக்கு லேசான நடுக்கம் பொறுக்கக் கூடியதாக இருக்கலாம். கவ்வாத்துக் கத்தியைப் பிடித்து, சரிவில் நின்று, ஒரே வெட்டில் கிளையைச் சீவ வேண்டிய ஆளுக்கு அது பிழைப்பைப் பறிப்பது. மருத்துவர் நடுக்கத்தைக் குறித்துக்கொண்டார். அவன் என்ன வேலை செய்கிறான் என்று கேட்கவில்லை. அவன் தானாகவே அடுத்த ஊசியைத் தவிர்த்தான். எல்லோரும் அதை நோய் என்றார்கள். எனக்கு அது, தன் கூலியை எண்ணிப் பார்த்த ஒரு வயதுவந்த மனிதனின் முடிவாகத்தான் பட்டது, விளைவு மோசமாக இருந்தபோதிலும்.

அதன் பிறகு வேறு மருந்துகள், மீண்டும் குரல்கள், ஒருமுறை நீண்ட சேர்க்கை. குறைந்தது இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் போதிய காலம் கொடுத்தும் பயன் இல்லாதவர்களுக்கென்று உள்ள குளோசபின் கடைசியில் அவனுக்குப் பொருந்தியது. நடுக்கம் மிகக் குறைவு, குரல்கள் சுவருக்கு அப்பால் போய்விட்டன என்று அவனே சொன்னான், கத்தி மறுபடியும் கைக்கு வந்தது. இரவில் தலையணை நனையும் அளவுக்கு வாய்நீர் ஒழுகும். மலச்சிக்கல் வரும், அதைச் சாதாரணமாக விட்டால் உயிருக்கே ஆபத்தாக முடியலாம் என்பதால் நீரும் கீரையும் பழமும் எங்கள் வீட்டில் மருந்துக்குச் சமமாக நடத்தப்படுகின்றன. இந்த மருந்து அரிதாகச் சிலருக்கு ரத்த வெள்ளையணுக்களைத் திடீரென்று குறைத்துவிடும். ஆகவே முதல் 18 வாரங்கள் வாரந்தோறும், பிறகு மாதந்தோறும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஊட்டிக்கே ஒவ்வொரு வாரமும் வரச் சொல்லியிருந்தால் இந்த மருந்து எங்களுக்குக் கிடைக்காமலே போயிருக்கும். அது எந்தச் சிறிய ஆய்வகத்திலும் செய்யக் கூடிய எளிய அணு எண்ணிக்கைதான் என்பதை ஓர் இளம் மருத்துவர் எடுத்துச் சொல்லி, பக்கத்து ஊர் ஆய்வகத்தில் பார்த்து முடிவைத் தொலைபேசியில் படிக்கும்படி ஏற்பாடு செய்தார். சிகிச்சையில் எதை மருத்துவர் முன்னால் செய்தாக வேண்டும், எதை வீட்டருகே செய்துகொள்ளலாம் என்று பிரித்துப் பார்த்த முதல் ஆள் அவர்தான். மலையில் மனநல சேவை நடத்துகிறவர்களுக்கு இதைவிட முக்கியமான திறமை வேறு உண்டா என்று தெரியவில்லை.

குளோசபினுக்கு இன்னொரு கண்டிப்பு உண்டு. தொடர்ந்து 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால், பழைய அளவிலேயே மீண்டும் தொடங்கக் கூடாது. ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்து மயக்கம் வரலாம். 12.5 மில்லிகிராமிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி எங்கள் மாவட்டத்து அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய அந்த வாரத்தில், கூடலூர், பந்தலூர்ச் சாலைகள் மண்ணும் மரமும் விழுந்து அடைபட்டன. வயநாட்டுப் பக்கமும் வழியில்லை. மாத்திரை தீர்ந்தது. சாலை திறந்து மாத்திரை வந்தபோது 48 மணி நேரம் கடந்திருந்ததால், அவன் பழைய அளவை எட்டுவதற்குள் வாரங்கள் போயின. அந்த வாரங்களில் குரல்கள் சுவருக்கு இப்பால் வந்தன. மழைக்காலத்துக்கு முன்பு அரிசியும் விறகும் சேர்த்து வைக்கும் ஊரில், மனநோய் மருந்தை மட்டும் முப்பது நாளுக்கு மேல் கொடுக்கத் தயங்குவது ஏன் என்று நான் கேட்டிருக்கிறேன். அதிகமாகக் கையில் இருந்தால் மொத்தமாக விழுங்கிவிடுவார்கள் என்ற அச்சம் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் மருந்தைப் பூட்டி வைக்க வீட்டில் ஆள் இருக்கிறதா என்று விசாரித்து, ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும் மட்டும் கூடுதலாக இரண்டு வாரத்துக்குக் கொடுப்பது அதைவிட நியாயமானது.

எங்கள் லயனில், மனம் அளவுகடந்த உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் என்ற மருந்தை எடுக்கும் ஒரு பெண்மணி இருக்கிறார். அவருடைய கணக்கு வேறு மாதிரி. லித்தியத்தின் நன்மைக்கும் நச்சுக்கும் இடையிலுள்ள இடைவெளி குறுகியது; ரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்குச் சுமார் 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். அந்த ரத்தத்தைக் கடைசி மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து எடுக்க வேண்டும். இரவு ஒன்பதுக்கு மாத்திரை போட்டால் காலை ஒன்பதுக்கு ஆய்வகத்தில் இருக்க வேண்டும்; லித்திய அளவைச் சிறிய ஆய்வகங்கள் பொதுவாகப் பார்ப்பதில்லை; பேருந்து ஒன்பதுக்குப் போய்ச் சேராது. ஆகவே அவர் முதல் நாள் இரவு மாத்திரையைத் தள்ளிப் போட்டுக்கொள்ளும் நேரத்தை, பேருந்து அட்டவணையைப் பார்த்து முடிவு செய்கிறார். வெயிலில் கொழுந்து பறித்து வியர்த்தாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும், இடுப்பு வலிக்கு மருந்துக் கடையில் ஐபுபுரூஃபன் வாங்கிப் போட்டாலும் லித்தியம் ரத்தத்தில் ஏறிவிடும் என்று அவருக்கு யாரோ தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். முதுகுக் கூடை சுமக்கும் பெண்ணுக்கு இடுப்பு வலி மாத்திரையை விலக்குவது எளிய காரியம் அல்ல. அவர் பாராசிட்டமாலோடு சமாளிக்கிறார்.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது என்பதை நம் பக்கத்தில் பலர் அறியவில்லை. 2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் என்றால், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதி, வழக்கும் தண்டனையும் இல்லாமல் விட வேண்டும் என்ற 115ஆம் பிரிவு மட்டுமே செய்திகளில் பேசப்படுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது 18ஆம் பிரிவு. அரசு மனநல சேவை யாவருக்கும் எட்டும் தூரத்தில், தாங்கும் செலவில் இருக்க வேண்டும் என்பதோடு அது நிற்கவில்லை. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநோய் மருந்துகள், சமுதாய சுகாதார நிலையம் முதல் அதற்கு மேற்பட்ட எல்லா அரசு மருத்துவ நிலையங்களிலும், எல்லாக் காலத்திலும், இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. எல்லாக் காலத்திலும் என்பதில் ஆகஸ்ட் மாதமும் அடங்கும். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு குறித்த நாட்களில் மலையிறங்கி வந்து பார்ப்பது பெரிய உதவிதான். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த நாளில் மழை பெய்தாலோ, மருத்துவர் வேறு பணிக்குப் போனாலோ, அதோடு மருந்தும் போய்விடும்படியான ஏற்பாடு சரியல்ல. மருத்துவர் வராத மாதத்திலும், பழைய சீட்டைக் காட்டினால் பழைய மாத்திரை கிடைக்கும்படி மருந்தாளுநரின் அலமாரியில் இருப்பு வைக்க வேண்டும். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் இன்று தமிழ்நாட்டில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்தப் பையில் இன்னும் ஓர் அட்டை மாத்திரைக்கு இடம் இல்லாமல் போகாது.

14416 என்ற இலவச மனநல உதவித் தொலைபேசி எண் 2022இலிருந்து இயங்குகிறது, தமிழில் பேசலாம். நள்ளிரவில் தம்பி கதவைத் தாழிட்டுக்கொண்டபோது, என்னை நிதானப்படுத்தவாவது ஒரு குரல் கிடைத்தது. லயனில் டவர் கிடைக்கும் ஒரே இடம் வாசற்படி என்பது அவர்கள் பிழை அல்ல.

அதே சட்டம் வயதுவந்த எவரும், நன்றாக இருக்கும்போதே, தனக்கு எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம் என்று எழுதி வைக்கலாம் என்கிறது. அவசரச் சிகிச்சைக்கு மட்டும் அது பொருந்தாது. தன் சார்பில் பேச ஒருவரை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்கலாம். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இதைப் படித்துக் காட்டியபோது தம்பி சட்டென்று என் கணவரின் பெயரைச் சொன்னான். ஆண்டுக்கணக்கில் பேருந்தில் அலைந்தவள் நானாயிற்றே என்று எனக்குச் சுருக்கென்றது. “அக்கா அழுதுடும். மாமாதான் டாக்டர்கிட்டே எதிர்த்துக் கேப்பாரு” என்றான். உண்மைதான். அவன் எழுதி வைத்திருப்பதில் முதலாவது, கை நடுங்கும் ஊசி வேண்டாம் என்பது. இரண்டாவது, கட்டிப்போடக் கூடாது என்பது. சங்கிலியால் பிணைப்பதைச் சட்டமே எந்த வடிவிலும் தடை செய்திருக்கிறது என்று சொன்னேன். தெரியும், இருந்தாலும் எழுதிக்கொள் என்றான்.

உடம்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. காரணங்களில் இதயமும் சர்க்கரையும் முக்கியமானவை. குளோசபின், ஒலான்சபின் இரண்டும் எடையையும் சர்க்கரையையும் ஏற்றக் கூடியவை. தம்பியின் பீடியும் இதில் சம்பந்தப்பட்டது. புகையிலையைப் புகைக்கும்போது உண்டாகும் பொருள்கள் கல்லீரலைத் தூண்டி இந்த இரு மருந்துகளையும் வேகமாகக் கரைத்துவிடும். மருத்துவமனையில் பீடி இல்லாமல் சரிபார்த்த அளவு, வீட்டுக்கு வந்து பீடி பற்ற வைத்ததும் போதாமல் போகும். திடீரென்று பீடியை விட்டால் அதே அளவு அதிகமாகிவிடும். வெற்றிலையோடு போடும் புகையிலைக்கு இந்த விளைவு இல்லை, ஏனென்றால் காரணம் புகைதான். பீடியை விடப் போகிறவர் அதை மருத்துவரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்கு நெடுநாள் யாரும் சொல்லாத செய்தி.

என் கணவருக்கும் வயதாகிறது. நியமனத் தாளை இந்த ஆண்டு மாற்றி எழுத வேண்டும் என்று தம்பியே நினைவூட்டினான். கோயம்புத்தூரில் செவிலியர் படிப்பை முடிக்கப் போகும் என் மகளின் பெயரை எழுதலாம் என்பது அவன் எண்ணம். அவளுக்கும் சம்மதம், சம்மதத்தை அவளும் எழுத்தில் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. அவன் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான்: மருத்துவரிடம் அவனை வைத்துக்கொண்டு அவள் இங்கிலீஷில் பேசக் கூடாது.